நம் மாவட்டத்துக்குச் சம்பந்தமில்லாதவை

ஹார்வுட் ஃபால்ஸ், ஒன்டாரியோ
15 ஜனவரி 1994, சனிக்கிழமை

அன்புள்ள வெர்னா அத்தைக்கு,

இங்கே மைனஸ் இருபத்தேழு. நீங்கள் ஃப்ளோரிடாவில் வெயிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பீர்கள். என் பெயர்தான் ஜில். ஆள் கொதித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் சொல்கிறேன்.

நேற்று உங்கள் குடும்ப வரலாற்றுச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்துவிட்டேன். படிவத்தில் 'சேர விரும்பும் காரணம்' என்று ஒரு கட்டம். எல்லாரும் 'முன்னோரை ஆராய' என்று எழுதுவார்களாம். நான் 'பின்னோருக்கு நியாயம் கேட்க' என்று எழுதினேன். பொருளாளர் க்ரோசியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "எங்க சங்கத்துலயே சின்ன ஆளு நீதாம்மா. உனக்கு அடுத்தவருக்கு அறுபத்தொண்ணு" என்றார். பிறகு சாவியைக் கொடுத்தார். நீங்கள் திரும்பி வரும்வரை சனிக்கிழமைகளில் நூலக மாடியில் சங்கத்து அறையைத் திறப்பது, தபால் பிரிப்பது, காபிக் கோப்பை கழுவுவது எல்லாம் என் வேலை.

உள்ளே போனதும் சுவரில் என்ன பார்த்தேன் தெரியுமா? ஜூலையில் நடக்கும் பென்ஹேல் குடும்ப ஒன்றுகூடலுக்காக நீங்கள் வரைந்திருக்கும் வம்சாவளிப் படம். 1838-இல் கப்பலில் வந்த சாமுவேல், அவர் மகன் ஜோசையா, ஜோசையாவின் மகன் ஆல்ஃப்ரெட் தாத்தா, அவருக்குக் கீழே நீங்களும் என் அப்பா ராஸும். எல்லாம் ஸ்கேல் வைத்து இழுத்த நேர்கோடு. அப்பாவுக்குக் கீழே நான். எனக்கு மட்டும் புள்ளி, புள்ளி, புள்ளி.

நாலு வயதில் என்னை எடுத்து வளர்க்கக் கூட்டிவந்தார்கள் என்பது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அதைச் சுவரில் மாட்டித்தான் சொல்ல வேண்டுமா? அத்தை, மளிகைக்கடைக் கூப்பனில்தான் புள்ளிக்கோடு போடுவார்கள், 'இங்கே வெட்டவும்' என்று.

படம் ஏப்ரல் கடைசியில் அச்சுக்குப் போகும் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் என் கோடு நேராக வேண்டும். நான் சேர்ந்ததே அதற்குத்தான். வம்சத்தில் சேர்க்காவிட்டால் வம்பில் சேர்ந்துகொள்வேன்.

"ஃபோன் பண்ணிக் கேட்டுடேன், கழுதை" என்றார் அப்பா. காகிதத்தில் இல்லாத எதையும் நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

வெட்டுவதற்கு வசதியாக வரையப்பட்ட உங்கள் மருமகள்,
ஜில் பென்ஹேல்


ப்ராடென்டன், ஃப்ளோரிடா
27 ஜனவரி 1994

அன்பு ஜில்லுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்தைப் படிக்க இரண்டு கண்ணாடி தேவைப்பட்டது.

ரத்த வாரிசுக்கு நேர்கோடு, எடுத்து வளர்த்த பிள்ளைக்குப் புள்ளிக்கோடு. சங்கம் தொடங்கியபோதே எழுதிய விதி இது. பாசத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. முப்பது வருடம் நிலப் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்தவள் நான். நல்ல மனிதர் என்பதற்காக ஒருவர் பெயரைப் பத்திரத்தில் ஏற்ற முடியாது. உன் பிறந்தநாளுக்கு ஒரு வருடமாவது நான் கேக் சுடாமல் இருந்ததுண்டா? அது வேறு, இது வேறு.

சேர்ந்ததுதான் சேர்ந்தாய், உருப்படியாக ஒரு வேலை செய். செய்திமடலில் 'தேடுகிறோம்' என்ற பகுதிக்குக் கடிதங்கள் வரும். தங்கள் முன்னோர் இந்தப் பக்கம் வந்தார்களா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பவை. தட்டச்சு செய்து வை. நம் ஊரில் விவரம் தெரிந்த யாராவது பதில் எழுதுவார்கள்.

இங்கிலாந்தில் ஓல்டம் என்ற ஊரிலிருந்து ஒன்று வரும். அதை மட்டும் தட்டச்சு செய்ய வேண்டாம். 'நம் மாவட்டத்துக்குச் சம்பந்தமில்லாதவை' என்று ஒரு கோப்பு இருக்கிறது, அதில் போட்டுவிடு.

தொப்பி போடாமல் வெளியே போகாதே.

அன்புடன்,
வெர்னா அத்தை


ஹார்வுட் ஃபால்ஸ்
12 பிப்ரவரி 1994

அன்புள்ள அத்தைக்கு,

தொப்பி போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். சங்கத்து அறையின் ஹீட்டர் முன்னோர் காலத்தது.

க்ரோசியர் உங்களுக்கு எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். என் வகுப்புத் தோழன் டீன் வீட்டில் பண்ணை இருக்கிறது. அங்கே ரோசாமண்ட் என்று ஒரு பசு. பால்மாட்டுச் சங்கத்துப் பதிவேட்டில் அவளுடைய எட்டுத் தலைமுறை இருக்கிறது. நான் அதை நம் சங்கத்துப் படிவத்தில் அழகாக எழுதி, சான்றோடு க்ரோசியர் மேசையில் வைத்தேன். "ஆவணம்னா இது ஆவணம். ஒரு தேதி விட்டுப்போகல" என்று மெச்சிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை என்னை ஓரமாகக் கூப்பிட்டார். காது சிவந்திருந்தது.

"இந்த ரோசாமண்ட் அம்மாவுக்கு ஏழு பிள்ளைங்க. ஏழுக்கும் ஏழு அப்பா. இதை வெளிய காட்ட வேணாம்மா. அந்தக் குடும்பத்து ஆளுங்க யாராவது இன்னும் ஊர்ல இருக்கலாம்."

"இருக்காங்க சார். ஆறாவது ரோட்டுல வைக்கோல் தின்னுக்கிட்டிருக்காங்க."

பிறகு கோப்பையை அவரே கழுவிக்கொண்டு போய்விட்டார்.

சிரியுங்கள் அத்தை. சிரித்துவிட்டு ஒன்றை யோசியுங்கள். ஒரு பசுவுக்கு எட்டுத் தலைமுறை நேர்கோடு கிடைக்கிறது. எனக்கு ஒரு தலைமுறைக்கு வழியில்லை.

இன்னொன்று. ஓல்டம் கடிதம் வந்தது. நோரா ஹாவர்த் என்ற அம்மாள், எழுபத்திரண்டு வயது. அவருடைய தாய் எடித், எடித்தின் அண்ணன் ஆல்ஃப்ரெட் கிளெக். 1900-இல் எட்டு வயதுப் பையனை அநாதை இல்லம் ஒன்று கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பிவிட்டதாம். 'ஹார்வுட் ஃபால்ஸ் அருகே ஒரு பண்ணையில்' என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் சொல்லவில்லையாம்.

ஹார்வுட் ஃபால்ஸ் நம் மாவட்டம்தானே? நீங்கள் சொன்ன கோப்பில் போடப் போனால், அங்கே ஏற்கெனவே பத்துக் கடிதம். 1984-லிருந்து ஒவ்வொரு ஜனவரியும் ஒன்று. ஒரே கையெழுத்து, ஒரே கேள்வி. நூலகத்தை மூடும் நேரமாகிவிட்டதால் முழுதாகப் படிக்கவில்லை. ஏன் ஒன்றைக்கூட அச்சிடவில்லை?

மாட்டைவிடக் கீழான உங்கள் மருமகள்,
ஜில்


ப்ராடென்டன்
23 பிப்ரவரி 1994

ஜில்லுக்கு,

க்ரோசியருக்கு எழுபத்தாறு வயது. இதயத்தில் ஏற்கெனவே ஒரு கோளாறு. போய் மன்னிப்புக் கேள். எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் கேள்.

ஓல்டம் விஷயத்தை விட்டுவிடு. இங்கிலாந்து அநாதை இல்லங்களிலிருந்து பண்ணை வேலைக்கு வந்த பிள்ளைகளை 'ஹோம் பையன்கள்' என்பார்கள். ஆயிரமாயிரமாக வந்தார்கள். பதினெட்டு வயதானதும் மேற்கே போய்விட்டார்கள், போரில் செத்தார்கள், பெயரை மாற்றிக்கொண்டார்கள். தேடினால் கிடைக்க மாட்டார்கள். வயதான ஒரு பெண்ணுக்கு வீண் ஆசை காட்டுவது இரக்கமாகாது.

புதிதாக வந்திருக்கும் 1901 மக்கள்தொகைக் கணக்கின் மைக்ரோஃபிலிமை நான் வரும்வரை யாரும் தொட வேண்டாம். பழகாத கை பட்டால் சுருள் கிழிந்துவிடும்.

வெர்னா அத்தை


ஹார்வுட் ஃபால்ஸ்
12 மார்ச் 1994

வெர்னா அத்தைக்கு,

சுருள் கிழியவில்லை. வேறு ஒன்று கிழிந்தது.

தொட வேண்டாம் என்று நீங்கள் எழுதியிராவிட்டால் எனக்கு அப்படி ஒரு சுருள் இருப்பதே தெரிந்திருக்காது. நம் குடும்பத்துப் பழைய பண்ணை இருக்கும் பகுதியைப் போட்டுப் பார்த்தேன். ஜோசையா பென்ஹேல், 44. மனைவி ஹன்னா, 41. மகன் என்றோ மகள் என்றோ ஒருவரும் இல்லை. கடைசி வரியில்: ஆல்ஃப்ரெட் கிளெக், 9, பிறந்தது இங்கிலாந்து, உறவு 'ஹோம் பையன்'.

உங்கள் படத்தில் ஜோசையாவுக்கு 1892-இல் பிறந்த மகன் ஆல்ஃப்ரெட் இருக்கிறார். 1901-இல் அந்த வீட்டில் இருந்த ஒரே ஆல்ஃப்ரெட் இவர்தான். தாத்தாவின் பிறப்புக்கு என்ன சான்று என்று உங்கள் கோப்பைத் திறந்தேன். 'குடும்பத் தகவல்' என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு எவராவது அப்படி எழுதினால் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புகிறவர் நீங்கள்.

பிறகு உட்கார்ந்து பதினொரு கடிதத்தையும் வரிசையாகப் படித்தேன். முதலாவதில், 'அம்மாவுக்கு எண்பத்தெட்டு ஆகிறது, தினமும் அண்ணனைக் கேட்கிறார்.' நான்காவதில், 'அம்மாவுக்குக் கண் போய்விட்டது, பதில் வந்தால் நான் வாசித்துக் காட்டுவேன்.' ஐந்தாவதில், 'அம்மா போன அக்டோபரில் காலமானார். ஆனாலும் எனக்குத் தெரிய வேண்டும்.'

நாலு வருடம் அத்தை. நாலு வருடம் அந்தக் கிழவி தபால்காரனை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் உங்கள் மேசையில் இருந்தது. பதில் நீங்கள்தான்.

எடித் உங்கள் அத்தை. உங்கள் அப்பாவுடைய தங்கை. நான் உங்களுக்கு எப்படி மருமகளோ அப்படித்தான் நீங்கள் எடித்துக்கு. நோரா உங்கள் அத்தை மகள். அவர்களை எடுத்து 'சம்பந்தமில்லாதவை' என்று கோப்புப் போட்டீர்கள்.

என் விஷயத்துக்கும் வருகிறேன், அது சின்னதுதான், ஆனாலும் வலிக்கிறது. விதி, விதி என்றீர்கள். தாத்தாவும் என்னைப் போல எடுத்து வளர்க்கப்பட்டவர். அவருக்கு நேர்கோடு, எனக்குப் புள்ளி. செத்தவருக்காக வளைந்த விதி, சனிக்கிழமைதோறும் கோப்பை கழுவுகிறவளுக்கு வளையவில்லை.

குடும்ப மரம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். மரத்துப்போன குடும்பம் என்று வையுங்கள்.

அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய அப்பா யார் என்பதை அவர் என்னிடமிருந்து கேட்கக் கூடாது.

ஜில்


ப்ராடென்டன்
24 மார்ச் 1994

அன்பு ஜில்லுக்கு,

உன் கடிதத்தில் ஒரு தவறும் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஹோம் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் ஒரு மரப்பெட்டி இருக்கும், மூடியில் பெயர் எழுதி. அப்பா தன் பெட்டியின் மூடியை இழைப்புளி போட்டுச் சீவிவிட்டு அதில் சுத்தியல், ஆணி வைத்திருந்தார். எனக்குப் பத்து வயதிருக்கும்போது தானியக் கிடங்கில் ஒரு சேணம் காணாமல் போனது. கிடங்குக்காரர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். "என்னதான் பேரை மாத்தினாலும் நீ ஹோம் பையன்தானேடா" என்றார். அப்பாவுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. கொட்டகையைத் திறந்து காட்டினார். சேணம் இரண்டு நாளில் வேறு இடத்தில் கிடைத்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

1961-இல் மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "ராஸ் சின்னவன், அவனுக்குத் தெரிய வேணாம். ஊர்ல ஒருத்தனும் என் பிள்ளைங்களை அப்படிக் கூப்பிடக் கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணு." பண்ணினேன். எடித்தைப் பற்றி ஒரு தடவைதான் பேசினார். இரண்டு கடிதம் போட்டாராம், பதில் இல்லையாம். "மறந்துட்டா. சின்னப் பொண்ணுதானே" என்றார்.

நோராவின் முதல் கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது, எடித் வருடாவருடம் அந்த இல்லத்துக்கு எழுதியிருக்கிறார் என்று. ஒன்றும் இங்கே வந்து சேரவில்லை. இங்கிருந்து போனதும் அங்கே சேரவில்லை. அதைப் படித்துவிட்டு வாசல் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பதில் எழுதினால் சத்தியம் போகும். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று வைத்தேன். அடுத்த வருடம் வந்தபோது, முந்தின வருடம் எழுதாததற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கடுத்த வருடம் இன்னும் கூடியது. எடித் இறந்த செய்தி வந்த பிறகு என்ன எழுதுவது?

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் கோட்டை நேராக்கிவிடுகிறேன். விதியைப் பற்றி யார் கேட்டாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தக் கோப்பு இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
வெர்னா அத்தை


ஹார்வுட் ஃபால்ஸ்
2 ஏப்ரல் 1994

அத்தைக்கு,

நாளை ஈஸ்டர். அப்பா விருந்துக்கு ஹாம் இறைச்சி வேகவைத்துக்கொண்டிருக்கிறார். நான் சங்கத்து அறையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

சேணம் கதையைப் படித்துவிட்டு அந்தக் கிடங்குக்காரர் வீட்டு வாசலில் ரோசாமண்டைக் கட்டிவைக்கலாமா என்று யோசித்தேன். அவர் எங்கே இருக்கிறார் என்று தேடினால், உங்கள் கல்லறைப் பட்டியலில் இருக்கிறார். மூன்றாவது வரிசை. தாத்தாவைத் திருடன் என்று நினைத்தவர்கள் எல்லாரும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறார்கள். நீங்களே தட்டச்சு செய்த பட்டியல். யாருக்குப் பயந்து இன்னும் அந்தக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறீர்கள்?

தாத்தா தன் பிள்ளைகளை யாரும் கேவலமாகப் பேசக் கூடாது என்றுதான் சத்தியம் வாங்கினார். தங்கையைத் தவிக்கவிடச் சொல்லி வாங்கவில்லை. அவள் எழுதினாள் என்று தெரிந்திருந்தால் உங்கள் கையை உதறிவிட்டு அப்போதே கப்பல் ஏறியிருப்பார்.

கோட்டுக்கு வருகிறேன். மூன்று மாதமாக நான் சண்டை போட்டது அந்தக் கோட்டுக்குத்தான். இப்போது அதை நீங்கள் நீட்டும்போது எனக்கு வேண்டாம். அதை வாங்கிக்கொண்டால் அடுத்த ஜனவரியில் நோராவின் பன்னிரண்டாவது கடிதத்தை நானே கோப்பில் சொருக வேண்டியிருக்கும். என்னைப் போலவே எடுத்து வளர்க்கப்பட்ட தாத்தாவை ஹோம் பையன் என்று சொல்ல வெட்கப்படுகிறீர்கள் என்றால், என்னைப் பற்றி யாரிடம் எப்படிச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள் இத்தனை நாளும்?

நோராவுக்கு நான் எழுதப் போவதில்லை. முகவரி தெரியும், தபால்தலையும் இருக்கிறது. ஆனால் பதினொன்றும் உங்கள் பெயருக்கு வந்தவை. 'தேடுகிறோம்' பகுதியில் அவர் கேள்வியைத் தட்டச்சு செய்து வைத்துவிட்டேன். செய்திமடல் மாதக் கடைசியில் அச்சுக்குப் போகும். வேண்டாம் என்றால் க்ரோசியருக்கு நீங்களே எழுதி எடுக்கச் சொல்லுங்கள். ஏன் என்பதையும் அவருக்கே எழுதுங்கள்.

ஜில்


ப்ராடென்டன்
13 ஏப்ரல் 1994

அன்பு ஜில்லுக்கு,

உன் கடிதம் திங்களன்று வந்தது. நோராவுக்கு எழுத உட்கார்ந்தேன். நான்கு தாள் வீணானது. ஐந்தாவது தாள் ஓல்டம் போய்ச் சேரப் பத்து நாள் ஆகும் என்று கணக்குப் போட்டபோது எனக்கே வெட்கமாக இருந்தது. எண் விசாரித்து ஃபோன் செய்தேன்.

"ஹார்வுட் ஃபால்ஸ் சங்கத்துல இருந்து பேசறேன்" என்றேன்.

"அப்பாடி. என் கடிதத்தை யாரும் பிரிக்கவே மாட்டாங்களோன்னு நெனச்சேன். ஏதாவது கிடைச்சுதா?"

"ஆல்ஃப்ரெட் கிளெக் என் அப்பா."

அங்கே நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

"உங்க முதல் கடிதம் வந்த அன்னைக்கே."

"எங்கம்மா எண்பத்தேழு அக்டோபர் வரைக்கும் இருந்தாங்க."

"தெரியும். படிச்சேன்."

"எல்லாத்தையும் படிச்சீங்களா?"

"எல்லாத்தையும்."

"எனக்குக் கத்தணும்போல இருக்கு" என்றார். "இந்த வயசுல கத்தினா மூச்சு வாங்கும். அதனால கத்தல. இதை யாரு வெளிய கொண்டுவந்தது? நீங்களா வரலைன்னு நல்லாத் தெரியுது."

"என் தம்பி பொண்ணு. பதினாறு வயசு."

"அவளை எழுதச் சொல்லுங்க. உங்ககிட்ட இப்போதைக்கு எனக்குப் பேச ஒண்ணுமில்ல."

வைத்துவிட்டார். அவர் சொன்னது நியாயம்.

ஆகவே நீ எழுது. அப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். குதிரைகளிடம் மட்டும் தன் பிறந்த ஊர்ப் பேச்சில் பேசுவார், யாராவது வந்தால் நிறுத்திவிடுவார். அதை நோராவுக்குச் சொல். புகைப்படம் என் அலமாரியில் இருக்கிறது, வந்ததும் எடுத்துத் தருகிறேன். எழுதும்போது என்னைக் காப்பாற்றாதே.

செய்திமடலில் நீ தட்டச்சு செய்தது அப்படியே போகட்டும். வம்சாவளிப் படத்தை அச்சுக்குக் கொடுக்கவில்லை. ஜோசையாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருந்த கோட்டை அழித்துப் புள்ளி வைத்தேன். பக்கத்தில் கிளெக் என்று எழுதினேன். அதற்குக் கீழே எனக்கும் ராஸுக்கும் உனக்கும் என்ன கோடு போடுவது என்று தெரியாமல் பேனாவை மூடிவிட்டேன்.

முப்பதாம் தேதி ஊருக்கு வந்துவிடுவேன்.

வெர்னா அத்தை


ஹார்வுட் ஃபால்ஸ்
30 ஏப்ரல் 1994

அன்புள்ள அத்தைக்கு,

ஃப்ளோரிடாவுக்கு அனுப்பினால் நீங்கள் வழியில் இருப்பீர்கள். அதனால் உங்கள் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன். படியில் இருக்கும் டப்பாவில் பட்டர் டார்ட் பலகாரம். அப்பா சுட்டது, அதனால் அடி கருகியிருக்கும்.

நோராவுக்கு ஒன்பது பக்கம் எழுதினேன். குதிரைப் பேச்சு, சேணம், மரப்பெட்டி, எல்லாம். உங்களைக் காப்பாற்றவில்லை. நான் எவ்வளவு கோபப்பட்டேன் என்பதை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதினேன், இன்னும் மிச்சம் இருக்கிறது. ஒரே ஒன்றை மட்டும் சேர்த்தேன். பதினொரு கடிதத்தில் ஒன்றைக்கூட நீங்கள் கிழித்துப் போடவில்லை, தேதி வாரியாக அடுக்கி உறையோடு வைத்திருந்தீர்கள் என்று. கண்ணால் பார்த்ததைத்தானே எழுத முடியும். அதை அவர் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். நானே இன்னும் எப்படி எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்யவில்லை.

படத்தில் உங்களுக்கு எந்தக் கோடு போடுகிறீர்களோ அதையே எனக்கும் போடுங்கள். நேரோ புள்ளியோ எனக்குக் கவலையில்லை.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும், ஏழு வாரம் மூடி வைத்திருந்ததில் பல் வலிக்கிறது. நாளை மதியம் சாப்பாட்டுக்கு வாருங்கள். மூன்று தட்டு வைத்திருப்பேன். ஆனால் முதலில் நீங்கள் இருவர் மட்டும் உட்காருங்கள். நான் பின்னால் கொட்டகையில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருப்பேன்.

சொல்லி முடித்ததும் ஜன்னலைத் தட்டுங்கள். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை. அதுவரை உள்ளே வர மாட்டேன்.

உங்கள் மருமகள்,
ஜில்